மூடிக்குள் ஒரு தீ, மண்ணுக்குள் ஒரு தீ

கரியில் சுட்டுச் சாப்பிடுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் மசாலாவைத் தாண்டி வருவது அபூர்வம். அடுப்பைத் தொட்டாலும் பற்றவைப்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். எனக்கென்னவோ, கரி அடுப்பின் ஆபத்து பற்றவைக்கும்போது பாதிதான். மீதிப் பாதி நெருப்பு அடங்கிவிட்டது என்று நாம் எழுந்து போகும் நேரத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் வெபர் கெட்டில் என்ற மூடி அடுப்பையும் ஜப்பானின் ஷிச்சிரின் என்ற மண் அடுப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும்.

வெபர் கெட்டில் 1952இல் பிறந்தது. சிகாகோவின் வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபனுக்குத் திறந்த அடுப்பில் சுடுவது பெரும் தொல்லையாக இருந்தது. காற்றடித்தால் சாம்பல் இறைச்சியில் விழும். பட்டறையில் செய்துகொண்டிருந்த மிதவை உருண்டையைப் பாதியாக்கி, கீழ்ப் பாதிக்குக் கால் வைத்து, மேல் பாதியை மூடியாக்கினார். ஷிச்சிரினுக்கு அப்படிப் பிறந்த தேதி கிடையாது. எடோ காலத்து வீடுகளிலேயே புழங்கிய சாமான் அது. நோட்டோ தீபகற்பத்தின் சுசு பகுதியில் கிடைக்கும் டயட்டம் மண்ணை (நுண்பாசி ஓடுகள் படிந்த மண்) கட்டியாக வெட்டி, குடைந்து, சூளையில் சுட்டுச் செய்வதுதான் உயர்ந்த ரகம். பார்வைக்கு ஷிச்சிரின் நம் கும்முட்டி அடுப்பின் தங்கை மாதிரி: மேலே அகன்ற வாய், அடியில் சின்னக் கதவு.

கரியும் வேறு. கெட்டிலுக்கு வழக்கமாகப் போடுவது பிரிக்கெட், அதாவது கரித்தூளை மாவுப்பசை சேர்த்து அச்சில் அழுத்திய கட்டி. ஹென்றி ஃபோர்டு தன் கார் தொழிற்சாலையில் மிஞ்சிய மரத்துண்டுகளைக் கரியாக்கி விற்ற காலத்திலிருந்து அமெரிக்க வீடுகளில் பரவியது. ஷிச்சிரினின் உச்சக் கரி பின்ச்சோட்டான். வகயாமா மலைகளின் உபாமே ஓக் மரத்தை நாள்கணக்கில் சூளையில் வைத்து, கடைசியில் காற்றை உள்ளே விட்டு 1000 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, தகதகக்கும்போதே வெளியே இழுத்து ஈரச் சாம்பல்மண்ணால் மூடி அணைப்பார்கள். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கரி மாதிரியே இருக்காது, இரும்பு மாதிரி கணீரென்று ஒலிக்கும்.

கரியின் கடினத்தன்மைதான் மூட்டும் முறையைத் தீர்மானிக்கிறது. பிரிக்கெட்டுக்கு சிம்னி போதும்: ஒரு தகர உருளை, அடியில் கசக்கிய காகிதம், மேலே கரி. 15, 20 நிமிடத்தில் மேல்வரிசைக் கட்டிகளின் ஓரம் சாம்பல் பூக்கும். கனமான கையுறை மாட்டிக்கொண்டு கொட்டிவிடலாம். பற்றவைக்கும் திரவம் எதற்கு விற்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. புகைகிற கரி அணைந்துவிட்டதாக நினைத்து மறுபடி ஊற்றினால், தீ அந்தத் தாரையைப் பிடித்துக்கொண்டு கையிலுள்ள புட்டிக்கே வரும். பெட்ரோல், மண்ணெண்ணெய் பற்றிப் பேச்சே வேண்டாம்.

பின்ச்சோட்டானிடம் காகிதம் பலிக்காது. அடியில் கம்பி வைத்த சட்டியில் போட்டு, கேஸ் அடுப்பில் அரை மணி நேரம்போல வைத்தால்தான் சிவக்கும். முதலில் சிறு தீ, பிறகுதான் பெருந்தீ. அவசரப்பட்டால், உள்ளே இருக்கும் ஈரமும் காற்றும் வழி கிடைக்காமல் கரி பட்டென்று வெடித்து, கங்கு தெறிக்கும். கண்ணுக்கும் தரையில் விரித்த பாய்க்கும் ஆபத்து. ஆகவே ஜப்பானிய வீடுகளில் பலர் முதலில் சாதாரணக் கருங்கரியைப் பற்றவைத்து, அதன்மேல் இதை அடுக்குகிறார்கள்.

மூட்டியபின் காற்று விவகாரம். கெட்டிலில் அடித்துளைதான் ஆட்சி செய்கிறது. மேல்துளை புகை போக வழி. கொழுப்பு சொட்டித் தீ எழுந்தால் மூடியைப் போட்டாலே ஒடுங்கும். தண்ணீர் தெளித்தால் கொழுப்பு சிதறித் தீ பெரிதாகும், எனாமலும் விரிசல் விடலாம். நெடுநேரம் மூடியிருந்ததைத் திறக்கும்போது முகத்தை மேலே நீட்டக் கூடாது. காற்று கிடைத்த கணம் தீ எழும்பும். மூடி இல்லாத ஷிச்சிரினில் அந்தச் சௌகரியம் கிடையாது. கதவைச் சாத்தலாம், இடுக்கியால் ஒரு கங்கை ஓரம் தள்ளலாம், இறைச்சியை நகர்த்தலாம். விசிறியால் ஒரு வீசு வீசினால் கங்கின் மேல் படிந்த சாம்பல் பறந்து உள்ளிருக்கும் சிவப்பு கண்ணில் அறையும். ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டிய அடுப்பு இது. பாதுகாப்பு என்ற வகையில் இதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். கெட்டிலின் மூடி சமையலுக்குச் சுகம். ஆனால் அதை மூடிவிட்டு டிவி பார்க்கப் போய்விடத் தோன்றும்.

கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. பிரிக்கெட் ஆரம்பத்தில் புகைந்து கண்ணைக் கரித்து நம்மை வெளியே துரத்தும். நல்ல பின்ச்சோட்டான் புகையே விடாது, அதனால் உள்ளே வைத்தால் என்ன என்று மனம் போகும். மேசையிலேயே கரியில் சுடும் ஜப்பானிய உணவகங்களில் மேசைக்கு மேசை புகைக்குழாய் தொங்குவதை மறந்துவிடுகிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று வரும். கூடாரம், கார் ஷெட், சாத்திய பால்கனி எங்கும் இரண்டுமே ஆகாது. மழை தூறுகிறதென்று சூடு ஆறாத கெட்டிலை ஷெட்டுக்குள் தள்ளுவதும் அதே தவறுதான்.

பராமரிப்பிலும் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. கெட்டிலின் மூடிக்கு உள்ளே கறுப்பாக உரியும் செதிலைப் பெயிண்ட் என்று பயப்படுகிறார்கள். அது கொழுப்பும் புகையும் கரிந்து படிந்த அடை. சுரண்டி எடுத்துவிட வேண்டும், இல்லையேல் அடுத்த முறை அதுவே எரிபொருள். கம்பித்தட்டைத் தேய்க்கும் இரும்புமுள் பிரஷில் முள் உதிர்ந்து உணவோடு தொண்டைக்கும் குடலுக்கும் போன சம்பவங்களை அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்; கசக்கிய அலுமினியத் தாளே மேல். ஷிச்சிரினைக் கழுவவே கூடாது. டயட்டம் மண் தண்ணீரை உறிஞ்சும்; ஈரத்தோடு தீ மூட்டினால் விரிசல் விடலாம். துடைப்பத்தால் சாம்பலைத் தட்டினால் போதும்.

அணைப்பதில்தான் ஷிச்சிரின் வீட்டுக்காரர்கள் ஒரு படி மேலே. கூடவே ஒரு மூடிபோட்ட ஜாடி வைத்திருப்பார்கள். இடுக்கியால் கங்குகளை எடுத்து அதில் போட்டு இறுக மூடிவிடுவார்கள். காற்றில்லாமல் அணைந்த கரி, அடுத்த நாள் சட்டென்று பற்றிக்கொள்ளும் கரியாகிவிடும். கெட்டிலில் மூடியும் துளைகளும்தான் ஜாடி. எல்லாவற்றையும் அடைத்தால் மிஞ்சிய பிரிக்கெட்டையும் சாம்பல் உதறி மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் பிக்னிக் முடிந்து கிளம்பும் அவசரத்தில் மேலே ஒரு குடம் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். குப்பென்று நீராவி வரும், கை வேகும், அடியில் நீறு பூத்த நெருப்பு அப்படியே இருக்கும். அந்தச் சாம்பலைப் பிளாஸ்டிக் பையிலோ அட்டைப்பெட்டியிலோ கட்டி வாசலில் வைத்தால், தீ நடு இரவில் பிடிக்கும். தொட்டுப் பார்க்கச் சில்லென்றிருந்தாலும் இரண்டு நாள் விட்டு, மூடியுள்ள உலோக வாளியில்தான் போட வேண்டும். வாளியும் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது.