கொடுக்கப்படாத கணக்கு: உயர்நிலைப் பள்ளியில் நீரும் ஸ்டெம் கல்வியும்

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஒரு தொட்டி வந்தால் அதன் நீளமும் அகலமும் உயரமும் வினாவிலேயே இருக்கும். உரிய சூத்திரத்தை எடுத்து எண்களைப் பிரதியிட்டால் விடை வந்துவிடும். தண்ணீர்ப் பஞ்சம் அப்படி வருவதில்லை. எதை அளப்பது, யாரைக் கேட்பது, எந்த எண்ணை நம்புவது என எதுவும் அதில் எழுதியிருக்காது. நிலைத்த வளர்ச்சிக்கான சிக்கல் தீர்க்கும் திறனை ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) கல்வி வழியே வளர்க்க வேண்டும் என்று இன்று பரவலாகப் பேசப்படுகிறது. அத்திறனின் முதல் பாதி கணக்கை அமைப்பது. நம் உயர்நிலை வகுப்புகள் அந்தப் பாதியைத் தொடுவதே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

சிக்கல் தீர்ப்பது குறித்து 1945இல் கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா எழுதிய நூல் நான்கு படிகளைச் சொன்னது: சிக்கலைப் புரிந்துகொள், திட்டமிடு, செய்துபார், திரும்பிப் பார். கணித வகுப்புக்கு இன்றும் இது நல்ல வழிகாட்டி. ஆனால் அங்கே சிக்கல் முன்கூட்டியே கையில் இருக்கிறது. 1973இல் திட்டமிடல் அறிஞர்களான ரிட்டெல், வெப்பர் இருவரும் வேறொரு வகைச் சிக்கலைச் சுட்டினார்கள். சமூகத் திட்டமிடலில் எழும் சிக்கல்களுக்கு முடிந்த முடிவான வரையறை கிடையாது. தீர்வுகளைச் சரி, தவறு என்று பிரிக்க முடியாது, மேல், மோசம் என்றுதான் சொல்ல முடியும் என்றார்கள். நீர்ச் சிக்கல் இந்த வகை. சென்னையையே பார்க்கலாம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை கொட்டியது, நகரம் மூழ்கியது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இடையில் நான்கே ஆண்டுகள். இந்நகரின் சிக்கல் மழைக் குறைவா, மழை மிகுதியா? இந்தக் கேள்வியை ஒரு மாணவர் கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் அறிவியல் கல்வி தொடங்குகிறது.

வகுப்பறையில் இது எப்படி நடக்கும்? சென்னைப் பகுதியில் ஒரு பள்ளியைக் கற்பனை செய்வோம். மாணவர்கள் டேப்பைப் பிடித்து மாடியை அளக்கிறார்கள்: 500 சதுர மீட்டர். ஆண்டு மழை சராசரியாக 1,400 மி.மீ. பெருக்கினால் 7 லட்சம் லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக 80 விழுக்காடு தேறினாலும் 5,60,000 லிட்டர். 400 பேர் படிக்கும் பள்ளியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் வீதம், 200 வேலை நாட்களுக்கு 8 லட்சம் லிட்டர் வேண்டும். தேவையில் 70 விழுக்காட்டை மாடியே தந்துவிடும் என்று தோன்றும். பல பள்ளிகளில் செயல்திட்டம் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அட்டையில் வண்ணப்படம் வரைந்து கண்காட்சியில் வைத்துவிடுகிறார்கள்.

உண்மையான கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது. மழை ஆண்டு முழுவதும் சீராகப் பெய்வதில்லை. ஐப்பசியில் ஒரே நாளில் 10 செ.மீ. பெய்தால் அந்த மாடியிலிருந்து 40,000 லிட்டர் இறங்கும். பள்ளியில் 10,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி இருந்தால் முக்கால் பங்கு வழிந்து தெருவுக்குப் போகும். அந்தக் கணத்தில் ஆண்டுச் சராசரி என்ற எண் பயனற்றுப் போவதை மாணவர் கண்ணால் காண்கிறார். தொட்டியைப் பெரிதாக்குவதா, நீரைக் கிணற்றில் இறக்குவதா என்று யோசிக்கிறார். கிணறு என்றால் மண்ணைப் பார்க்க வேண்டும். ஓர் அடிக் குழி தோண்டி நீர் ஊற்றி, வடிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் போதும். மணலில் சட்டென்று இறங்கும். களிமண்ணில் தேங்கி நிற்கும். பெசன்ட் நகருக்குப் பொருந்தும் தீர்வு களிமண் பகுதிக்குப் பொருந்தாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லாது.

அடுத்த கேள்விக்கு விடை எந்தச் சூத்திரத்திலும் இல்லை. மாடியில் சேரும் சருகை யார் அள்ளுவது? வடிகட்டும் மணலையும் ஜல்லியையும் யார் கழுவுவது? தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாக்கப்பட்டது. குழாய்கள் பொருத்தப்பட்டன, பராமரிப்பு பல இடங்களில் நின்றுபோனது. தொழில்நுட்பம் அங்கே தோற்கவில்லை. பொறுப்பை ஏற்க ஆள் இல்லாமல் போனது. பழைய ஏரிப் பாசனத்தில் மடையைத் திறக்கவும் மூடவும் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். கரையையும் கலிங்கையும் ஊர் கவனித்துக்கொண்டது. பொறியியலைக் கற்பிக்கும்போது இந்த நிர்வாகத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். அதை விட்டால் மாணவர் கற்பது பாதிப் பாடம்.

பொதுத்தேர்வு நெருக்கடியில் இதற்கு நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மேலே சொன்னதில் புதிய பாடம் ஏதுமில்லை. மாடியின் கணக்கு அளவியல். பத்தாண்டு மழை அளவை எடுத்துத் திட்டவிலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் கண்டால் அது புள்ளியியல். இரண்டும் பத்தாம் வகுப்பில் ஏற்கெனவே உள்ளவை. புத்தகம் தரும் எண்ணுக்குப் பதிலாக ஊரின் எண்ணை எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். இதில் கடினமான பகுதி ஆசிரியரின் துணிவு. விடை தனக்கும் தெரியாத கேள்வியை வகுப்பின் முன் வைக்க நம் ஆசிரியர் பயிற்சி யாரையும் பழக்குவதில்லை.

2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குக் கருத்தாளர்கள் வழியே செய்முறை அறிவியலைக் கொண்டுவந்தது. ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையும் மாணவரை அதே அரவணைப்பு பின்தொடரவில்லை. சிக்கலான கேள்வியைத் தாங்கும் வயது வரும்போது தேர்வு குறுக்கே வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் உண்டு. அதில் ஐந்தை, மாணவர் தம் ஊரில் தாமே கேட்டு, தாமே அளந்த ஒரு கேள்விக்கு ஒதுக்கும்படி பாடத்திட்டக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் புதிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு டேப்பும் ஒரு மழைமானியும் போதும்.