செட்டிநாட்டு வீடுகளும் முப்பத்தாறு பங்கும்

செட்டிநாடு என்றதும் பலருக்கும் சாப்பாடுதான் நினைவுக்கு வரும். ஆனால் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போய்ப் பாருங்கள், அரண்மனை போன்ற வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. அவற்றில் பல பூட்டியே கிடக்கின்றன. ஏன் இந்த நிலை?

19ஆம் நூற்றாண்டில் நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டித் தொழில் செய்தார்கள். அங்கே சம்பாதித்த பணம் இங்கே வீடானது. தூணுக்கு பர்மா தேக்கு, தரைக்கு இத்தாலி பளிங்கு, சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. முகப்பைத் தாண்டினால் வளவு, நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அந்தக் குடும்பத்துக்குப் பெயர் 'புள்ளி'.

1930களில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1942ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தது. 1948ல் விடுதலை பெற்ற பர்மா, நிலங்களை அரசுடைமை ஆக்கியது. வருமானம் போனது, வீடு மட்டும் மிஞ்சியது.

இங்கேதான் கணக்கு வருகிறது. ஒருவருக்கு 4 மகன்கள், அடுத்தடுத்த தலைமுறையில் ஆளுக்கு 3 மகன்கள் என்று வைத்துக்கொண்டால், பேரன் காலத்தில் 12 பங்கு, கொள்ளுப்பேரன் காலத்தில் 36 பங்கு! உடைந்த ஓட்டை மாற்றவும் இத்தனை பேரைக் கேட்க வேண்டும். ஒத்துவராத இடங்களில் வீட்டையே பிரித்து, தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன.

பழுது பார்ப்பவர்களும் சில சமயம் தவறு செய்கிறார்கள். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே ஈரம் தங்கி, பூச்சு உதிரும். முற்றத்தை மூடினால் வெளிச்சமும் காற்றும் போய்விடும். அதே சுண்ணாம்பு, அதே நாட்டு ஓடு என்பதே சரியான வழி. தரையில் ஆத்தங்குடி கல் உடைந்திருந்தால் கவலையில்லை, ஆத்தங்குடியில் இன்றும் அதைக் கையால் செய்கிறார்கள்.

2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. பெருமைதான், ஆனால் ஓட்டை மாற்ற யுனெஸ்கோ வராது.

பங்குகள் பெருகியதால் வீடு பழுதானது உண்மை. அதே பங்குகள்தான், யாரும் தனியாக வீட்டை விற்றுவிடாமலும் காத்தன. கோயிலுக்கு 'புள்ளி வரி' என்று குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் பழக்கம் நகரத்தாரிடம் உண்டு. அதே கணக்கை வீட்டுக்கும் போட்டால் ஒருவர் தலையில் விழும் சுமை 36 பேருக்குப் பகிர்ந்துபோகும். கோயிலுக்குக் கொடுக்கும் கை, பாட்டன் கட்டிய வீட்டுக்கும் கொடுக்காதா என்ன?