எரிந்த சுருளும் எரியாத சொல்லும்

தீர்க்கதரிசி என்றவுடன் வருங்காலத்தைக் கணித்துச் சொல்லும் சோதிடர் ஒருவரே நம்மில் பலருக்கு நினைவில் தோன்றுவார். மாணவப் பருவத்தில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். எபிரேய மறைநூலில் எரேமியாவின் வரலாற்றைப் படித்த பின்னரே அவ்வெண்ணம் மாறிற்று. நாளை வருவதைச் சொல்வதினும், இன்று நிகழும் தீமையை அஞ்சாது எடுத்துரைப்பதே அப்பெரியோரின் தலையாய பணி என்று உணர்ந்தேன்.

எருசலேமுக்கு வடகிழக்கே சில கல் தொலைவில் உள்ள ஆனதோத்து என்னும் சிற்றூரில், ஆசாரியர் குடியில் பிறந்தவர் எரேமியா. கி.மு. 627ஐ ஒட்டி, யோசியா மன்னனின் 13ஆம் ஆட்சியாண்டில் அவருக்கு இறைவனின் அழைப்பு வந்தது. தாம் சிறுவர், பேசத் தெரியாதவர் என்று அவர் தயங்கினார். ஆயினும் அழைப்பு அவரை விடவில்லை.

அக்காலத்து யூதா நாடு, எகிப்து, பாபிலோன் என்னும் இரு பேரரசுகளுக்கிடையே அகப்பட்ட சிறு நாடு. கி.மு. 605இல் கர்கேமிசுப் போரில் எகிப்தியர் தோற்றனர். பாபிலோனின் கை ஓங்கிற்று. ஏழையை ஒடுக்கிவிட்டுக் கோயிலை நம்பியிருப்பதால் மட்டும் நாடு தப்பாது என்று எரேமியா எச்சரித்தார். அவர் சொல்லச் சொல்லப் பாருக்கு என்னும் எழுத்தர் அவ்வுரைகளை ஒரு சுருளில் எழுதினார்.

அச்சுருள் யோயாக்கீம் மன்னன் முன் படிக்கப்பட்டது. அது குளிர்காலம், மன்னன் முன்னே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்று நான்கு பத்திகள் படிக்கப்படுந்தோறும் அப்பகுதி கத்தியால் அறுக்கப்பட்டுத் தீயில் எறியப்பட்டது. எரிக்கவேண்டா என்று வேண்டியவர் மூவர். அவர்களுள் ஒருவர் சாப்பானின் மகன் கெமரியா. மன்னன் செவிசாய்க்கவில்லை. எரேமியாவோ மற்றொரு சுருளை எழுதுவித்தார்; முன்னையினும் அதில் உரைகள் மிகுந்திருந்தன.

பின்னர்ச் சிதேக்கியாவின் ஆட்சியில் பாபிலோன் படை நகரை முற்றுகையிட்டது. பணிந்தால் உயிர் பிழைக்கலாம் என்றார் எரேமியா. போர்வீரரின் கைகளைத் தளரச் செய்கிறார் என்று தலைவர்கள் அவர்மீது குற்றம் சாட்டினர். லாகீசுக் கோட்டையில் 1935இல் கண்டெடுக்கப்பட்ட ஓட்டெழுத்து மடல் ஒன்றிலும், கைகளைத் தளர்த்தும் சொற்களைப் பற்றிய இத்தகைய முறையீடே காணப்படுகிறது. அக்காலத்து அச்சம் அம்மடலில் இன்றும் ஒலிக்கிறது.

எரேமியாவைச் சேறு நிறைந்த தொட்டியில் இறக்கினர். அவரை மீட்டவர் எபெத்மெலேக்கு என்னும் எத்தியோப்பியர். கயிறு உடலை அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளப் பழந்துணிகளையும் அவர் இறக்கிக் கொடுத்தார். சொந்த நாட்டார் வெறுத்த ஒருவரிடம் வேற்று நாட்டார் ஒருவர் காட்டிய அருள் அது.

இனி, நான் மறக்கவியலாத நிகழ்ச்சி. பகைவர் மதிலைச் சூழ்ந்திருந்த நாளில், காவலில் இருந்த எரேமியா, ஆனதோத்தில் உறவினர் ஒருவரின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினார்! பத்திரத்தை மண்பாண்டத்தில் இட்டு நெடுங்காலம் காக்கச் செய்தார். இந்த நிலத்தில் மீண்டும் மக்கள் வாழ்வர் என்பதே அச்செயலின் பொருள். நாட்டைக் காட்டிக்கொடுப்பவன் என்று பழிக்கப்பட்டவர், அந்நாட்டின் எதிர்காலத்தை நம்பித் தம் பொருளைக் கொடுத்தார்.

கி.மு. 587ஐ ஒட்டி நகரம் தீக்கிரையாயிற்று. பாபிலோனுக்குச் செல்ல வாய்ப்பிருந்தும் அவர் எளிய மக்களோடு தங்கினார். பின்னர் அவர்களால் எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அதன்பின் அவர் முடிவை மறைநூல் கூறவில்லை.

1982இல் எருசலேமின் பழைய பகுதியை அகழ்ந்தபோது, எரிந்த வீடொன்றில் ஐம்பது களிமண் முத்திரைகள் வரை கிடைத்தன. அவை ஒட்டியிருந்த ஏடுகள் சாம்பலாகிவிட்டன. களிமண்ணோ அதே தீயில் வெந்து உறுதிப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியாவின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. சுருளை எரிக்கவேண்டா என்று மன்றாடியவர் இவரே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

மாணவ நண்பர்களே, சுருளை எரித்த மன்னனின் அரண்மனை இன்றில்லை. தொட்டியில் தள்ளப்பட்டவரின் சொல் இன்றும் படிக்கப்படுகிறது. கசப்பான உண்மையைக் கூறுவோரைப் பகைவர் என்று கருதுமுன், அவர் எந்த நிலத்தில் தம் வெள்ளியை இட்டிருக்கிறார் என்பதையும் பார்க்கவேண்டும். எரேமியாவின் வாழ்க்கை எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.