மூவர் முதலிகளின் தலயாத்திரை நெறி

மக்கள் தம் ஊர்விட்டுப் பிறவூர்க்குச் செல்லுஞ் செலவு பலதிறப்படும். பொருளீட்டுதற்குச் செல்வாரும், கல்வி கருதிச் செல்வாரும், புதியன காண்டற்குச் செல்வாரும், இறைவன் எழுந்தருளிய தலங்களை வழிபடுதற்குச் செல்வாரும் எனச் செல்வோர் பலராவர். அவருள் ஒருவர் சென்ற நெறியைப் பின்னுள்ளோர் ஆராய்ந்து வரையறுக்கப் புகுங்கால் வினாக்கள் இரண்டு எழுகின்றன. அவர் எவ்வழியே எவ்வெவ்விடங்கட்குச் சென்றார் என்பது ஒன்று. அவ்விடங்களில் அவர் பெற்ற அநுபவம் யாது என்பது மற்றொன்று. முன்னையது காவதத்தால் அளக்கப்படுவது. பின்னையது உள்ளத்தால் உணரப்படுவது. இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்துக் கூறுவதே நிறைவுடைய யாத்திரை வரலாறாகும்.

கி. பி. 7-ஆம் நூற்றாண்டிலே சீன நாட்டினின்றும் பாரத நாட்டிற்கு வந்து, 645-இல் தம் நாடு மீண்ட யுவான் சுவாங் என்னும் பௌத்தத் துறவியார், நாடுகளுக்கு இடைப்பட்ட தொலைவினையும், ஆங்காங்குள்ள பௌத்தப் பள்ளிகளையும், மக்களின் இயல்பினையும் குறித்து வைத்தனர். காஞ்சிமாநகரமும் அவர் குறிப்பில் இடம் பெற்றுள்ளது. அதே நூற்றாண்டில் தமிழ்நாட்டிலே திருநாவுக்கரசு சுவாமிகளும் திருஞானசம்பந்த சுவாமிகளும் தலந்தோறுஞ் சென்று வழிபட்டனர். அவர்கள் வழிக்குறிப்பு எழுதி வைத்தாரல்லர். அவர்கள் அருளிச்செய்தன திருப்பதிகங்களே. அப்பதிகங்களையும், அவற்றோடு வழிவழி வந்த செய்திகளையும் கொண்டு, அவர்கள் சென்ற நெறியை ஒழுங்குபெற வகுத்துரைத்தவர் 12-ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெருமானே யாவர்.

அவர் செய்த பணியின் அருமை, தேவாரத் திருமுறைகள் அடைவு செய்யப்பட்டிருக்கும் முறையை நோக்கினார்க்கு இனிது விளங்கும். நம்பியாண்டார் நம்பிகள் வகுத்த அடைவில் திருஞானசம்பந்தர் திருப்பதிகங்கள் பண்முறையால் மூன்று திருமுறைகளாக அமைந்துள்ளன. இஃது இசைபற்றிய அடைவு. பிற்காலத்தே வழிபடுவார்க்கு உதவியாகத் தலமுறை என்பதொன்றும் வழங்கலாயிற்று. அதன்படி கோயிலெனப்படும் தில்லையை முதலாகக் கொண்டு, சோழநாட்டில் காவிரிக்கு வடகரையில் 63, தென்கரையில் 127, ஈழநாட்டில் 2, பாண்டிநாட்டில் 14, மலைநாட்டில் 1, கொங்குநாட்டில் 7, நடுநாட்டில் 22, தொண்டைநாட்டில் 32, துளுவநாட்டில் 1, வடநாட்டில் 5 எனப் பாடல்பெற்ற தலங்கள் 274 ஆகத் தொகுக்கப்பட்டன. 1917-இல் திருவிடைவாய்த் திருக்கோயிற் கல்வெட்டினின்றும் திருஞானசம்பந்தர் பதிகம் ஒன்று வெளிப்பட, இத்தொகை மேலும் ஒன்று மிகுந்தது.

பண்முறை பாடுவார்க்கும், தலமுறை வழிபடுவார்க்கும் இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயினும், இவ்விரண்டிலும் அடியாரது செலவு புலப்படாது. ஓர் எடுத்துக்காட்டு ஈண்டுக் கூறுதும். சம்பந்தப் பெருமான் திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் மகளைப் பற்றிய முயலகன் என்னும் நோயைத் தீர்த்தருளினார். அதன்பின் கொங்குநாடு புக்குக் கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களை வருத்திய குளிர்சுரம் நீங்கத் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளினார். பின்னர்ச் சோழநாடு மீண்டு பட்டீச்சரத்தில் முத்துப்பந்தர் பெற்றார். இம்மூன்று பதிகங்களுள் முன்னைய இரண்டும் முதற்றிருமுறையில் வேறுவேறு பண்ணின்கீழ் நிற்கின்றன. பின்னையது மூன்றாந் திருமுறையில் உளது. தலமுறையிலோ, ஒன்று வடகரையிலும், ஒன்று கொங்கிலும், ஒன்று தென்கரையிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. இவை மூன்றும் ஒரே செலவின்கண் அடுத்தடுத்து நிகழ்ந்தன என்பதைச் சேக்கிழார் வாக்காலேயே அறிகின்றோம்.

சேக்கிழார் ஊர்ப்பெயர்களை நிரல்பட வைத்தமட்டில் அமைந்தாரல்லர். காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கிச் சென்று, கொங்குநாட்டுத் தலங்களை வழிபட்டுத் தென்கரை வழியே மீளும் அச்செலவில், பருவத்தின் மாற்றத்தையும் உடன் வைத்தோதினார். செங்குன்றூரில் இருந்தது பனிக்காலம். ஆகலின் அந்நாட்டியல்பால் அடியார்களைக் குளிர்சுரம் பற்றிற்று. பட்டீச்சரத்தை அணுகியது வேனிற்காலம். ஆகலின் வெம்மை தணிக்க இறைவன் முத்துப்பந்தர் அருளினன். வழியும் பருவமும் நாட்டியல்பும் திருவருட் செயலும் இங்ஙனம் ஒன்றோடொன்று பொருந்தி வருதலை நோக்குமிடத்து, அவை மனம்போனவாறு கோக்கப்பட்டன அல்ல என்பது தெளிவாம்.

சேக்கிழார் மூவர்க்கும் சில நூற்றாண்டுகள் பிற்பட்டவராகலின், அவர் கூறும் செலவுமுறை எங்ஙனம் கொள்ளத்தகும் எனின், கூறுதும். அவர் கூறும் நிகழ்ச்சிகள் பலவற்றிற்குப் பதிகங்களிலேயே அகச்சான்று உளது. செங்குன்றூர்ப் பதிகம் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தீவினை தீண்டாமையை வற்புறுத்துகின்றது. நாவுக்கரசரது அதிகைப் பதிகம் சூலைநோயின் கொடுமையைத் தானே கூறுகின்றது. அன்றியும், சம்பந்தப் பெருமான் பாடியருளுந்தோறும் பதிகங்களை எழுதிவந்த சம்பந்த சரணாலயர் என்னும் அன்பர் ஒருவர் உடன் சென்றமையையும் சேக்கிழாரே குறிப்பிடுகின்றார். ஆகவே, செலவிடையே பதிகங்கள் எழுதப்பெற்று வந்தன என்பது சைவ வரலாற்றிற்குப் புறம்பான கருத்தன்று.

இனி, ஒரு தலத்தில் ஓரடியார் பெற்ற இன்பம் பிறிதோரடியாரது செலவிற்குக் காரணமாயினமையும் காண்க. நாவுக்கரசர் திருவாரூரிலே திருவாதிரைத் திருநாளைக் கண்டு இன்புற்றுத் திருப்புகலூரை அடைந்தனர். ஆங்கு எழுந்தருளியிருந்த சம்பந்தப் பெருமான் ஆரூர்த் திருநாளின் பெருமையை வினவினர். அரசர், தாம் கண்டதனைத் திருப்பதிகமாகவே விடையளித்தனர். அதுகேட்ட பிள்ளையார் அப்பொழுதே ஆரூர்க்கு எழுந்தருள வேட்கை கொண்டனர். சென்று கண்டவர் சொல்லும் சொல், செல்லாதவரைச் செலுத்தும் ஆற்றலுடையதாதல் இதனால் விளங்கும். ஊரின் தொலைவையோ வீதியின் நீளத்தையோ அரசர் கூறிற்றிலர். அடியாரும் பிறரும் கலந்து ஆடிப்பாடி வழிபட்ட திருநாளின் காட்சியையே கூறினர்.

யாத்திரை நெறியை ஆராய்வார் மயங்குதற்குரிய இடம் மற்றொன்றுண்டு. பதிகம் பெற்ற தலந்தோறும் பாடியவர் நேரிற் சென்றார் என்று கொள்ளுதல் பொருந்தாது. ஈழநாட்டுத் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் சம்பந்தப் பெருமான் இராமேச்சுரத்திலிருந்தே பாடிப் போற்றினார். கடலைக் கடந்து அவர் சென்றிலர். அவ்வாறே திருக்காளத்தியிலிருந்து திருக்கயிலை, திருக்கேதாரம், திருக்கோகரணம், திருப்பருப்பதம் முதலிய தலங்களைப் பாடியருளினார். சுந்தரமூர்த்தி சுவாமிகளும் இராமேச்சுரத்திலிருந்து கேதீச்சரத்தைப் பாடினர். சென்று பாடிய தலம், சேய்மையினின்று பாடிய தலம், தனிப்பதிகமின்றிப் பதிகத்தினிடையே பெயர்மாத்திரம் எடுத்தோதப்பெற்ற வைப்புத்தலம் என இவை தம்முள் வேறாதலை உணர்ந்தாலன்றிச் செலவின் வரலாறு தெளிவுபடாது.

இவற்றினும் நுண்ணியது, அடியார்கள் அணுகச் சென்றும் உள்ளே புகாது நின்ற இடங்களின் வரலாறாகும். காரைக்காலம்மையார் தலையால் நடந்து வழிபட்ட பதியாதலின், திருவாலங்காட்டைத் தம் திருவடியால் மிதித்தற்கு அஞ்சிய சம்பந்தப் பெருமான், அயலதாகிய ஓரிடத்தில் இரவு தங்கினர். ஆலங்காட்டிறைவன் கனவிற்றோன்றி, நம்மைப் பாடுதற்கு மறந்தனையோ எனும் பொருள்பட வினவியருள, அந்நள்ளிரவிலேயே அவர் திருப்பதிகம் அருளிச்செய்தனர். இறைவன் துயிலிடை வந்தமை அப்பதிகத்தும் குறிக்கப்பட்டுள்ளது. நாவுக்கரசர் கைத்தொண்டு செய்த பதியாதலின், திருவதிகையை மிதித்தற்கு அஞ்சிய சுந்தரர், புறத்தே சித்தவடமடத்தில் தங்கினர். இறைவன் முதிய அந்தணனாக வந்து, துயில்கின்ற அவர் தலைமேல் பலகாலும் தன் திருவடியை வைத்து மறைந்தனன். பின்னொருகால் அவர் சீகாழியைச் சார்ந்தபோதும், பிள்ளையார் திருவவதாரஞ் செய்த பதி என்று உள்ளே மிதியாது புறத்தே வலம்வந்தனர். ஆங்கும் இறைவன் காட்சி கொடுத்தனன்.

அடிச்சுவட்டை மட்டும் பின்பற்றிக் கணக்கிடுவாரொருவர் இவ்விடங்களை யாது செய்வர்? சம்பந்தர் அப்போது ஆலங்காடு புகவில்லை என்றும், சுந்தரர் அன்று அதிகை காணவில்லை என்றும் எழுதிவிட்டு அப்பாற் செல்வர். ஆனால், புகாது நின்ற அவ்விடத்திலேதான் இறைவன் தானே எதிர்வந்தனன். ஒரு தலத்தின் பெருமை கோபுரத்தானும் மதிலானும் ஆவதன்று. ஆங்கு முன்னே வாழ்ந்த அடியாரின் தொண்டினானும் ஆவது என்னும் உணர்ச்சியே அவர்களை வாயிற்புறத்தே நிறுத்திற்று. அவ்வுணர்ச்சியைக் கூறாதவழி, அவர்களது செலவினைக் கூறியதாகாது.

நாவுக்கரசரது கயிலைச் செலவு இவ்வுண்மைக்கு முடிவான சான்றாக நிற்கின்றது. அவர் திருக்காளத்தியை வணங்கிய காலத்தே கயிலைக் காட்சியில் வேட்கை மீதூர வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். திருப்பருப்பதம், தெலுங்குநாடு, கன்னடநாடு, மாளவம், இலாடம், மத்தியபைதிரம், வாரணாசி எனச் சேக்கிழார் அவ்வழியை நாடுநாடாக வரைந்து காட்டுகின்றார். வாரணாசியின் பின் உடன்வந்தாரும் நீங்க, அவர் தமியராய்ச் சென்றனர். பாதம் தேயக் கைகளால் தாவினர். கைகளும் தேய மார்பினால் உந்தினர். மார்பும் நைந்தபின் உருண்டு புரண்டனர். இறுதியில் அசைதற்கும் ஆற்றாது கிடந்தனர். முனிவர் வடிவில் இறைவன் தோன்றி, மானுடர்க்குக் கயிலை அரிது, மீள்க எனவும் அவர் இசைந்திலர். பின்னர் வானில் எழுந்த ஆணையின்வண்ணம் அங்கிருந்த தடாகத்தில் மூழ்கித் திருவையாற்றிலே ஒரு வாவியின் மேல் எழுந்தனர். அங்கே நிற்பனவும் திரிவனவுமாகிய உயிரெல்லாம் தத்தம் துணையொடும் சத்தியும் சிவமுமாய்த் தோன்றக் கண்டு, கயிலைக் காட்சியைத் திருவையாற்றிலேயே பெற்றனர்.

வழியளவால் நோக்குவார்க்கு இஃது இடையில் முறிந்த செலவேயாம். அருளளவால் நோக்குவார்க்கோ, இதனின் நிறைவுற்ற செலவு பிறிதில்லை. அங்ஙனமாயின், அவ்வழிநடை வீணோ எனின், அன்று. திருவையாறு அவர்க்குப் புதிய ஊரன்று. அது காவிரிக்கரையில் அவர் வாழ்ந்த நாட்டின்கண்ணதே. ஆயினும், உடல் தேயச் சென்ற அச்செலவின் பின்னரே அவ்வூர் அவர்க்குக் கயிலையாயிற்று. வழியில் தேய்ந்தது உடம்பு மாத்திரமன்று. யான் செல்வேன் என்னும் முனைப்பும் உடன் தேய்ந்தது. தன்முனைப்பு அற்றவிடத்து அருள் வெளிப்படும் என்னும் சித்தாந்த உண்மை ஈண்டு வரலாறாக நிகழ்ந்தது என்க.

இக்காலத்தே ஊர்திகளின் உதவியால் ஒரே நாளிற் பல தலங்களைக் கண்டு மீளுதல் எளிதாயிற்று. முதியோரும் பிணியாளரும் தரிசனம் பெறுதற்கு இஃது உதவுகின்றது, ஆதலின் இகழத்தக்கதன்று. ஆயினும், கண்ட தலங்களின் தொகையை எண்ணி மகிழ்தலே யாத்திரையின் பயன் என்று கொள்ளும் எண்ணம் தலைப்படுமாயின், அது மூவர் முதலிகள் காட்டிய நெறியன்று. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவமெனவே கண்டு தொழும்படி விதிக்கின்றது. அடியாரும் ஆலயமும் ஒருசேர வைக்கப்பட்டமை உற்று நோக்கற்பாலது. ஒரு தலத்தை அடைவார், அங்குள்ள மூர்த்தியையும் தீர்த்தத்தையும் வணங்குவதோடு, அங்கு எவ்வடியார் எந்நிலையில் எப்பதிகம் பாடினார், அவர் எங்கிருந்து வந்து எங்குச் சென்றார் என்பதனையும் பெரியபுராணத்தால் அறிந்து செல்வாராயின், ஒரு தலமே அவர்க்குப் பல நாட்குப் போதியதாகும்.

பட்டீச்சரத்தின் வாயிலில் நிற்பார்க்கு வேனில் வெம்மையும் முத்துப்பந்தரின் நிழலும், ஆலங்காட்டினை அணுகுவார்க்குப் பிள்ளையார் மிதித்தற்கு அஞ்சிய அச்சமும், திருவையாற்றில் மூழ்குவார்க்கு அரசரது தேய்ந்த திருமேனியும் நினைவில் எழுதல் வேண்டும். அந்நினைவோடு செய்யப்படும் வழிபாடே, மூவர் முதலிகள் சென்ற நெறியிற் செல்லுதலாம். அந்நெறியை ஊரும் பருவமும் உணர்ச்சியும் ஒருங்கமையப் போற்றி வைத்துச் சென்ற சேக்கிழார் பெருமானுக்குச் சைவவுலகம் என்றும் கடப்பாடுடையது.

திருச்சிற்றம்பலம்.