நிலக்கீலில் தொடங்கிய நுண் அச்சு

சாக்கடலில் மிதந்து வரும் நிலக்கீல் கட்டிகளை வெட்டியெடுத்து எகிப்துக்கு விற்றவர்கள் நபத்தேய வணிகர்கள். இறந்தவர் உடலைப் பதப்படுத்த எகிப்தியர்கள் அதை வாங்கினார்கள். அந்தச் சரக்குக்கு இன்னொரு குணமும் உண்டு: வெளிச்சம் பட்டால் இறுகிவிடும். 1820களில் பிரான்சின் நிசேஃபோர் நியெப்ஸ் இதைப் பிடித்துக்கொண்டார். நிலக்கீலை லாவெண்டர் எண்ணெயில் கரைத்து, உலோகத் தகட்டில் பூசி, ஜன்னலைப் பார்த்த கேமராவுக்குள் வைத்தார். ஒளி பட்ட இடம் இறுகியது. மற்றது கழுவியதும் போய்விட்டது. கேமராவில் எடுத்த படங்களில் இன்று மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது அதுதான். கண்ணுக்கே தெரியாத சிற்பங்களை லேசரால் அச்சிடும் இன்றைய ஆய்வுக்கூடங்களும் இந்த இரண்டு வேலையைத்தான் செய்கின்றன: ஒளியால் இறுக்குவது, மிச்சத்தைக் கழுவுவது.

இந்தக் கதைக்குத் தேவையான மற்றொரு இழை, விமானத் தொழிலிலிருந்து வந்தது. 1920 வாக்கில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஏ. ஏ. கிரிஃபித் கண்ணாடி இழைகளை இழுத்து அறுத்துப் பார்த்தார். இழை மெலிய மெலிய, அதன் பருமனுக்கு அது தாங்கும் சுமை கூடிக்கொண்டே போனது. கண்ணாடி போல நொறுங்கும் எந்தப் பொருளும் அதிலுள்ள பெரிய கீறலிலிருந்துதான் உடையத் தொடங்குகிறது. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமே இல்லை.

1931இல் ஜெர்மன் இதழொன்றில் மரியா கோப்பர்ட் மேயர் ஒரு விந்தையான கணக்கை வெளியிட்டார்: ஓர் அணு இரண்டு ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) ஒரே நேரத்தில் விழுங்க முடியும். அதைச் சோதிக்கும் அளவுக்குப் பிரகாசமான விளக்கு அப்போது கிடையாது. 1960இல் லேசர் பிறந்தது. மறு ஆண்டே பெல் ஆய்வுக்கூடம் அந்த இரட்டை விழுங்கலை நேரில் கண்டது.

முப்பரிமாண அச்சைக் கண்டுபிடிக்க மூன்று நாட்டில் ஓட்டப்பந்தயம் நடந்தது. 1980இல் நகோயாவின் ஹிதேயோ கோதாமா, ஒளியால் இறுகும் பிசினை அடுக்கடுக்காக இறுக்கும் முறைக்கு விண்ணப்பித்தார். அது காப்புரிமையாக முடியவில்லை. 1984 ஜூலையில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் விண்ணப்பித்தார்கள்; அதில் வியாபாரம் இல்லை என்று அவர்கள் நிறுவனம் கைவிட்டது. சில வாரம் கழித்து விண்ணப்பித்த அமெரிக்கர் சக் ஹல்லுக்குத்தான் காப்புரிமையும் சந்தையும் கிடைத்தன.

மேயரின் கணக்கும் இந்தப் பிசினும் ஒசாகாவில் கைகோத்தன. 1997இல் ஷோஜி மாருவோ, சதோஷி கவாத்தா குழுவினர் அகச்சிவப்பு லேசரைப் பிசினுக்குள் குவித்தார்கள். வழியெல்லாம் ஒளி சும்மா கடந்து போகும். இரண்டு ஃபோட்டான்கள் ஒருசேர வந்து சேரும் குவிமையத்தில் மட்டும் பிசின் இறுகும். 2001இல் இப்படி ஒரு காளையைச் செய்தார்கள். நீளம் 10 மைக்ரான், ஏறக்குறைய ஒரு சிவப்பணு அளவு. உலகம் காளையைக் கொண்டாடியது. எனக்கு அதே கட்டுரையில் வந்த நுண் சுருள்வில்தான் பெரிது. அதன் நுனியிலிருந்த மணியை லேசர் ஒளியாலேயே பிடித்து இழுத்து விட்டார்கள்; வில் மீண்டும் சுருங்கியது. 'எவ்வளவு சிறியது' என்ற கேள்வியோடு 'எவ்வளவு தாங்கும்' என்ற கேள்வியும் அங்கே சேர்ந்துகொண்டது.

பதில் எளிதாக இல்லை. கழுவிய திரவம் உலரும்போது, அதன் பரப்பு இழுவிசையே மெல்லிய தூண்களைச் சாய்த்துவிடும். லேசரின் திறனைக் கூட்டினால், அல்லது மெதுவாக ஓட்டினால், பிசின் மூலக்கூறுகள் இன்னும் நெருக்கமாகப் பின்னிக்கொள்ளும். அதே பிசின் விறைப்பாகும். வேகமாக எழுதினால் தொய்வாகும்.

2014இல் கால்டெக்கில் ஜூலியா கிரியர் குழு, அச்சிட்ட சட்டகத்தின் மேல் அலுமினா பூசி, உள்ளிருந்த பிசினை நீக்கியது. சட்டென நொறுங்க வேண்டிய பீங்கான் வகை அது. பாதி உயரத்துக்கு நசுக்கிய பிறகும் நிமிர்ந்தது. அதன் குழாய்ச் சுவர்கள் அவ்வளவு மெல்லியவை. 2016இல் கார்ல்ஸ்ரூவில் யென்ஸ் பாவர் குழு, அச்சிட்டதைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கியது. அது ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கி, தண்டுகள் 200 நானோமீட்டர் அளவுக்கு மெலிந்தன. வலிமையோ அந்தப் பொருளுக்குக் கோட்பாடு சொல்லும் உச்சத்தை நெருங்கியது. கிரிஃபித் இழுத்த கண்ணாடி இழையின் பாடம்தான் இது.

ஆகவே பிசினின் பெயரை மட்டும் போட்டு வலிமையைச் சொல்லும் அட்டவணையை நம்பாதீர்கள். லேசரின் திறன், எழுதிய வேகம், தண்டின் பருமன் மூன்றும் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.