எதிரணி இல்லாத மைதானம்

மன்னார் தீவில் நான் வளர்ந்த காலத்தில், எங்கள் ஊருக்கும் அயலில் இருந்த கத்தோலிக்க மீனவர் ஊருக்கும் உதைபந்தாட்டப் போட்டி என்றால், அஸர் தொழுகைக்குப் பிறகு கடைத்தெருவில் ஆள் இருக்காது. அவர்களுக்குக் காலில் வேகம், எங்களுக்கு வாயில். நாலு முறை தோற்று ஒரு முறை வென்றாலும், அந்த ஒன்றை அடுத்த பெருநாள் வரை பேசித் தீர்ப்போம்.

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அந்தக் கணக்கு பாதியில் நின்றது. வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தோம். ஓரணியில் ஆடியவர்கள் புத்தளத்தின் வெவ்வேறு முகாம்களுக்குப் பிரிந்து, பிறகு ஒருவரையொருவர் எதிர்த்து ஆடினார்கள்.

கல்கத்தா மொஹமடன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வள்ளங்கள்தான் நினைவில் வருகின்றன. 1891இல் தொடங்கிய கழகம் அது. 1911இல் மோகன் பகான் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை வென்று ஷீல்ட் கிண்ணத்தை எடுத்தது. ஆனால் கல்கத்தா லீக் கிண்ணம் 1934 வரை எந்த இந்தியக் கழகத்துக்கும் கிட்டவில்லை. மொஹமடன் அதை 1934 முதல் 1938 வரை ஐந்து வருடங்கள் தொடர்ந்து வென்றது. வங்காளத்துக்கு வெளியேயிருந்தும் ஆட்டக்காரரைத் தேடிக் கொண்டுவந்தார்கள். மழைச் சேற்றில் வழுக்காமலிருக்க சப்பாத்து அணிவித்தார்கள். வெற்றியின் இரகசியம் என்று பார்த்தால் அவ்வளவுதான், ஆனால் அன்றைய முஸ்லிம்களுக்கு அது அவ்வளவுதானா? நஸ்ருல் இஸ்லாம் அந்தக் கழகத்தைப் பற்றிக் கவிதையே எழுதினார். 1940இல் டில்லியில் டுராண்ட் கிண்ணத்தை வென்ற முதல் இந்திய அணியும் அதுவே.

பிறகு 1947. ஆட்டக்காரரில் சிலரும் ஆதரவாளரில் பலரும் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனார்கள். 1948இல் லீக்கை வென்ற கழகத்துக்கு அடுத்த வெற்றி 1957இல்தான் வந்தது. அதே பிரிவினை 1920இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் கழகத்தை உயர்த்தியது. கிழக்கிலிருந்து அகதிகளாக வந்த இந்துக்கள் தாங்கள் இழந்த ஊரை அந்தப் பெயரில் கண்டார்கள். 1949 முதல் 1951 வரை மூன்று வருடங்கள் தொடர்ந்து ஷீல்ட் அவர்களுக்கு. அந்த அணியின் முன்வரிசை ஐவரைப் 'பஞ்ச பாண்டவர்' என்றார்கள். ஐவரில் அஹமத் கானும் சாலேயும் முஸ்லிம்கள். அகதிகளின் கழகத்தைத் தூக்கிப் பிடித்த கால்களில் இவர்களுடையதும் உண்டு என்பதை மத அரசியல் பேசுவோர் மறந்துவிடுகிறார்கள்.

மொஹமடன் 1981இல் லீக்கை வென்றபின் நாற்பது வருடங்கள் காத்திருந்து 2021இல் மீண்டும் வென்றது. 2023–24 ஐ-லீக்கை வென்று இந்தியன் சூப்பர் லீக்குக்கு ஏறி, முதல் பருவத்திலேயே கடைசி இடத்துக்கு வந்தது. ஏறியவர் இறங்குவது இந்த விளையாட்டில் வழமைதான். ஆனால் ஆடி இறங்குவது வேறு, ஊரோடு பெயர்த்தெடுக்கப்படுவது வேறு.

2009இல் போர் முடிந்து ஊரைப் பார்க்கப் போனபோது, எங்கள் மைதானத்தில் உடைமரம் மண்டிக் கிடந்தது. அயலூரின் பழைய கோல் காப்பாளர், இப்போது கிழவர், என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க போன பிறகு நாங்க எத்தனையோ கப் அடிச்சம் தம்பி. உங்கள வெல்லுற மாதிரி வரயில்ல" என்றார். பிறகு, எனக்குப் பதில் தெரியாத ஒன்றைக் கேட்டார்: "உங்கட அந்த இடக்கால் பொடியன் எங்க?"