டூப்ளே சிலையும் வில்லியனூர், பாகூர்ச் சேரிகளும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் தென்கோடியில், சிறுவர் பூங்காவுக்குள், 2.88 மீட்டர் உயரத்தில் நிற்கிறது டூப்ளே சிலை. பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு 1674இல் அடித்தளமிட்டவர் பிரான்சுவா மார்த்தேன். எனினும், 1870இல் குடியேற்ற அரசு சிலை எழுப்பிச் சிறப்பித்தது, இந்தியாவில் பிரெஞ்சுப் பேரரசை நிறுவ முயன்ற டூப்ளேயையே. 1742 முதல் 1754 வரை ஆளுநராக இருந்த அவர், பாரிசுக்குத் திருப்பி அழைக்கப்பட்டு, 1763இல் வறுமையில் இறந்தார். நூறாண்டு கடந்து அவரைப் பேரரசின் நாயகனாக்க வேண்டிய தேவை ஆட்சியாளர்களுக்கு எழுந்தது. சிலையின் பீடத்துக்கான சிற்பக் கற்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. செஞ்சிக் கோட்டையை 1750இல் பிரெஞ்சுப் படை கைப்பற்றியதை நினைத்தால், அப்பீடம் வெற்றிப்பொருள் என்பது விளங்கும்.

இச்சிலையின் வரலாறு நகர எல்லைக்குள் முடிவதில்லை. ஆம்பூர்ப் போருக்குப் பின், 1749இல், ஆற்காட்டு நவாபாகத் தன்னை நிலைநிறுத்த உதவிய பிரெஞ்சுக்காரர்களுக்குச் சந்தா சாகிப் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளை வழங்கினார். வணிகக் கும்பினி ஒன்று கிராமங்களின் வரிவருவாய்க்கு உரிமையாளரானது இவ்வாறுதான். ஆவணங்கள் இதை ஆட்சியாளர்களுக்கிடையிலான நிலக்கொடையாகப் பதிவு செய்கின்றன. பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டுக் கதிரறுத்த சேரி மக்களை எவரும் கலந்தாலோசிக்கவில்லை. நிலம் கைமாறியபோது, அதில் உழைத்தவர்களின் நிலை மாறவில்லை.

டூப்ளே காலத்து நகரமும் சாதியால் பிளவுண்டிருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் 1745ஆம் ஆண்டுப் பதிவுகள் இதற்குச் சான்று. சம்பா கோயிலில் பறையர் கிறித்தவர்களைத் தனியே பிரித்து வைத்த சுவர் இருந்தது. அவர்கள் திரண்டு சென்று பாதிரியாரிடம் முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது, சாதிக் கிறித்தவர்கள் அதை எதிர்த்தனர். சமத்துவத்தைக் கேட்டுப் பெற்றவர்கள் ஆளுநர்களோ துபாசிகளோ அல்லர்; அம்மக்களே. இந்நிகழ்வுக்கு நினைவுக்கல் எதுவும் இல்லை.

சிலை எழுந்த காலத்திலேயே புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர். 1861இல் கையெழுத்தான ஆங்கில-பிரெஞ்சு உடன்படிக்கை, பிரித்தானிய இந்தியரையும் பிரெஞ்சுக் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்ப வழிவகுத்தது. குவாதலூப்பில் மட்டும் ஏறத்தாழ 42,000 இந்தியர் இறங்கினர். அவர்களுள் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சிலைக்கு மாலையிட்ட அரசே இக்கப்பல்களுக்கும் அனுமதி வழங்கியது.

விடுதலைக்கும் ஒரு நினைவிடம் உண்டு. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில், 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தனர். 170 பேர் இந்திய இணைப்பை ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். அம்முடிவு போற்றத்தக்கது. ஆயினும், கீழூர் நினைவிடமும் பிரதிநிதிகளையே நினைவுகூர்கிறது. வயலில் நின்றவர்கள் அங்கும் இல்லை.

இன்று புதுச்சேரிச் சட்டமன்றத்தின் 30 தொகுதிகளில் ஐந்து பட்டியல் சாதியினருக்கானவை. ஊசுடு, திருபுவனை, ஏம்பலம், நெட்டப்பாக்கம் ஆகிய நான்கும் நகருக்கு மேற்கே, பழைய வில்லியனூர், பாகூர் நிலப்பரப்பிலும் அதை ஒட்டியும் அமைந்துள்ளன. தலித் மக்கள் எங்கே செறிந்து வாழ்கிறார்கள் என்பதை இத்தொகுதி வரைபடமே காட்டுகிறது.

சிலையை அகற்றுவது மட்டுமே தீர்வு என நாம் கருதவில்லை. அகற்றினால் செஞ்சிக் கற்கள் சொல்லும் சாட்சியமும் மறையக்கூடும். 1749இன் நிலக்கொடை, 1745இன் சுவர், கப்பலேறிய கூலிகள் ஆகிய மூன்றையும் கூறும் தமிழ்ப் பலகை ஒன்று அப்பீடத்தருகே நிறுவப்பட வேண்டும் என்று கோருகிறோம். அதற்கு முன்னதாக, வில்லியனூரிலும் பாகூரிலும் உள்ள ஒவ்வொரு சேரியிலும் முதியோரின் வாய்மொழி வரலாற்றைத் தொகுக்கும் பணியைக் கல்லூரி மாணவர்கள் தொடங்கலாம். அதற்கு அரசாணை தேவையில்லை.